பக்கவாட்டில் பாதை இல்லை

வால்பரைசோ. மூன்றாம் மாடி. ஜூலை மாதத்து மூடுபனி
ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறது.
பதினொன்றாம் கட்டிலில் எலூத்தேரியோ கிலோத்ரான்,
முப்பத்தொரு வருடம் குன்று ரயிலின் எஞ்சின் அறையில் இருந்தவர்.
ஒரு மரப்பெட்டி இறங்கும் எடையில் மற்றொன்று ஏறும்.
அந்த இரும்புக் கயிறு அவர் பொறுப்பு.

ஒன்பது நாளாக அசைவில்லை.

திரையில் அவருடைய மூளைத்தண்டு,
என் விரல் நீளத்துக்கு வராது.
நடுவில் பாலம் என்கிற பகுதி, அதன் முன்பாதி
சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருக்கிறது.

அதற்குள் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைப்
பரீட்சைக்கு உருப்போட்டவள் நான்.
அசைப்பவை நடுக்கோட்டருகே. உணர்பவை ஓரத்தில்.
இடையே நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளம்;
அதன் இரு கரையிலும், யாரையும் கேட்காமல்
இதயத்தையும் இரைப்பையையும் கவனிக்கிறவை.
நடுமூளையில் மூன்றும் நான்கும்.
பாலத்தில் ஐந்து முதல் எட்டு என்று சொல்லிவிடலாம்,
ஆனால் ஐந்துக்கு ஒரு வீடு போதாது:
முகத்தின் தொடுவுணர்வை வாங்கிக்கொள்ள
நடுமூளை தொடங்கிக் கழுத்துவரை காலை நீட்டிப் படுத்திருக்கிறது.
ஏழின் இழையோ நேராக வெளியே போகாது,
ஆறின் கருவைச் சுற்றிவந்துவிட்டுத்தான் கிளம்பும்.
கீழே முகுளத்தில், நாக்குக்கான பன்னிரண்டு.
விழுங்கவும் பேசவும் உள்ள கருவுக்குத்
'தெளிவில்லாதது' என்றே பெயர்,
வெட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் விளிம்பு பிடிபடாததால்.

ஏழுக்கு ஆறரை வாங்கினேன்.

அவருடைய கருக்கள் அநேகமாக எல்லாமே உயிரோடிருக்கின்றன.
மேலிருந்து கட்டளை இறங்கும் வழிதான் பாலத்தில் அறுந்தது.
பன்னிரண்டு காத்திருக்கிறது. நாக்கும்.

நேலிடா ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைக்கிறாள்.
"இந்தக் குளிர் அவருக்குத் தெரியுதா?"
சொல்ல முடியாது என்றேன்.
எவ்வளவு சோம்பலான பதில்.

படிவத்தில் உள்ளபடி கேட்டேன்:
இடப்பக்கம் பாருங்கள். வலப்பக்கம் பாருங்கள்.
கண் நகரவில்லை. குறித்துக்கொண்டேன்.

மாலை ஐந்தரைக்கு இசாயாஸ் கத்ரிலேயோ வந்தார்.
மேல் நிலையத்தில் சீட்டுக் கொடுப்பவர்,
விரல்களில் இன்னும் சில்லறை வாசனை.
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு தினமும் தொலைபேசியில் கேட்கிற அதே குரலில்,
"ஏத்தவா?"

கண்கள் ஏறின.

"இறக்கவா?"

இறங்கின.

நாற்காலியில் நேலிடாவின் கைப்பை இருந்தது.
அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கவாட்டில் பார்க்க ஆறு வேண்டும், ஆறு பாலத்தில்.
மேலும் கீழும் பார்க்க நடுமூளை போதும்,
அடைப்புக்கு ஒரு தளம் மேலே,
ரத்தம் இன்னும் போய்ச்சேர்கிற இடம்.
இமையைத் தூக்குவதும் அங்கிருந்துதான்,
இரண்டு இமைக்கும் சேர்த்து ஒரே கரு.
கீழே பார்க்க உதவும் நான்காவது, மிக மெல்லியது;
மற்றதெல்லாம் முன்பக்கமாகவும் பக்கவாட்டாகவும் போக
அது மட்டும் முதுகுப்பக்கமாய் வெளியேறி
எதிர்க்கண்ணுக்குப் போகும்.
அவருடைய 'இல்லை' பாதி அந்தக் கொல்லைவழியாக வருகிறது.

ஒன்பது நாள் நான்
இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

துணியின் குளிர் தெரிந்ததா?
மேலே.
எல்லா நாளுமா?
மேலே.
நேலிடா நடைவழியில் போய்
சற்று நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

எழுத்துப் பலகை வர இரவாயிற்று.
வரிசை வரிசையாய் விரலை நகர்த்தினேன்.
மனைவியின் பெயராக இருக்கும் என்று நினைத்தோம்;
முதல் எழுத்தே அவளுடையதில்லை.
நாற்பது நிமிடத்தில் ஐந்து எழுத்து:
கிராசா. மசகு.

இசாயாஸ் தலையில் கைவைத்தார்.
"மேல் சக்கரத்துக்கு. வியாழக்கிழமை வியாழக்கிழமை போடணும்.
ரெண்டு வியாழன் போயிடுச்சே."
தொப்பியைத் தேடி எடுத்தார்.

அவர் கதவைத் தாண்டும்வரை
அந்தக் கண்கள் மேலேயே நின்றன.